முகவரிச் சீட்டுக்கும் நாற்காலிக்கும் நடுவே: குடிநோயிலிருந்து மீளும் ஒருவர் உதவிக் குழுவில் சேர்ந்த கதை – ஒரு நிகழ்வு ஆய்வு

இவருக்கு 44 வயது. சரக்குக் கிடங்கு ஒன்றில் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். மனைவி, இரண்டு பிள்ளைகள். இருபதுகளில் நண்பர்களோடு வார இறுதியில் தொடங்கிய குடி, கடைசி ஆறேழு வருடங்களில் தினசரிக் குடியாகி, பிறகு காலையில் கைநடுக்கம் நிற்பதற்காகவே ஒரு மடக்கு என்ற கட்டத்துக்கு வந்திருந்தது. எங்கள் குடிநோய்ச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபோது இது அவருடைய இரண்டாவது சிகிச்சை. முதல் முறை வேறொரு மையத்தில் சேர்ந்து, நல்லபடியாக வெளியே வந்து, ஐந்தே வாரத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டார். அடையாளம் வெளிப்படக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே பாதையில் வந்த இன்னும் சிலரின் அனுபவங்களும் இதில் கலந்திருக்கின்றன.

மருத்துவப் பகுதியை இங்கே சுருக்கமாகத்தான் சொல்லப் போகிறேன். வார்டை விட்டு வெளியே போகும் ஒருவர், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் உதவிக் குழுவின் நாற்காலி ஒன்றில் போய் உட்காரும் வரை அவருக்குள்ளும் வெளியேயும் என்னவெல்லாம் நடக்கிறது, ஆட்கள் எந்த இடத்தில் நம் கையை விட்டு நழுவுகிறார்கள் என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். மனநல சமூகப் பணியாளராக நான் அதிகம் கவலைப்படுவதும் அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

சேர்க்கையின்போது

குடிப்பழக்கம் எவ்வளவு தீவிரம் என்று கணிக்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் (AUDIT) வினாத்தாளில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 20-ஐத் தொட்டாலே குடிக்கு அடிமையாகியிருக்கிறாரா என்று முழுமையாக ஆராய வேண்டும். இவர் எடுத்தது 29. கடைசியாகக் குடித்துப் பத்து மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் விரல்கள் நடுங்கின, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஈரல் நொதிகள் கூடியிருந்தன. ஈரல் சுருக்க நோய்க்கான அறிகுறி இல்லை.

தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் ஜன்னி கண்டு, இல்லாதது கண்ணில் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். குழுவில் சேர ஆசைப்பட்டு, “நாளையிலிருந்து தொடவே மாட்டேன்” என்று வீட்டிலேயே நிறுத்திப் பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் நடுக்கம் வருகிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். இவருக்கு குடியை நிறுத்தும்போது வரும் விலகல் அறிகுறிகளைத் தணிக்கும் மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுக்கப்பட்டன. ஆறாம் நாள் தெளிவாக உட்கார்ந்து பேசினார். வீடு திரும்பும்போது, குடிக்கும் ஆசையைக் குறைப்பதற்காக அகாம்ப்ரோசேட் எழுதப்பட்டது. அது ஈரலில் சிதையாமல் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. ஈரல் நொதி கூடியிருந்த இவருக்குப் பொருத்தமாக இருந்தது. வேளைக்கு இரண்டாக ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை. இந்த ஆறு மாத்திரை பின்னால் ஒரு பிரச்சினையைக் கிளப்பியது.

முதல் முறை ஏன் போகவில்லை

“போன தடவை வெளியே வந்தப்ப, ஏதாவது குழுவுக்குப் போகச் சொன்னாங்களா?” என்று கேட்டேன். பர்ஸைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். மூன்று முகவரிகள், கிழமை, நேரம். மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு முகவரியின் எண்ணே அழிந்திருந்தது. அதைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் தைரியம் வரவில்லை என்றார்.

அவர் போகவே இல்லை என்று அவர் மனைவி நினைத்திருந்தார். உண்மையில் ஒரு நாள் போயிருக்கிறார். வேலை முடிந்து, அந்தத் தெரு வரைக்கும்.

“வாசல்ல நாலஞ்சு பேர் நின்னு சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தாங்க சார். குடிச்சுக் கெட்டுப்போன ஆளுங்க மாதிரியே தெரியல. இடம் மாறி வந்துட்டோமோன்னு தோணுச்சு. யார்கிட்ட போய், என்னன்னு கேக்கறது? ரெண்டு தடவ அந்தக் கட்டடத்தச் சுத்தி வந்தேன். அப்புறம் கால் தானா வேற பக்கம் போயிடுச்சு.”

வேறு பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்படிப்பட்டவரை ‘ஒத்துழைப்பு தராதவர்’ என்று கோப்பில் எழுதிவிடுவது எளிது. அன்று தெருமுனை வரை வந்தவருக்கும் உள்ளே இருந்த நாற்காலிக்கும் இடையில் இருந்தது முப்பது அடி தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க அவருக்குத் தேவைப்பட்டது, அவர் பெயரைத் தெரிந்துவைத்திருக்கும் ஒரே ஒரு ஆள்.

பேசப் பேச மற்ற தயக்கங்களும் வெளியே வந்தன. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? எழுந்து நின்று பேசச் சொன்னால்? பணம் கேட்பார்களா? அவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை; அங்கே சாமி கும்பிடச் சொல்வார்களோ என்ற பயம் வேறு. இவற்றில் ஒன்றுகூட அர்த்தமில்லாத கேள்வி கிடையாது. முகவரிச் சீட்டு இவற்றில் எதற்கும் பதில் சொல்லாது.

குழுவைத் தேடியது

தேடுவதை அவரையே செய்யச் சொன்னேன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குடிநோயிலிருந்து மீள்பவர்களின் உதவிக் குழுக்களை உலகெங்கும் கொண்ட ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பின் தளத்திலும் அவர்களுடைய செயலியிலும் இடம், கிழமை, நேரம் மூன்றையும் வைத்துத் தேடலாம். பட்டியலில் இருக்கும் கூட்டமெல்லாம் நடந்துகொண்டிருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கூட்டங்கள் இடம் மாறும், நேரம் மாறும், சில நின்றே போயிருக்கும். முதல் முறை தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போகிறவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், இரண்டாம் முறை கிளம்புவது பெரும்பாடு. அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போன் போட்டு, இந்த வாரம் உண்டா என்று உறுதி செய்துகொண்டோம். எங்களுக்குக் கிடைத்த பட்டியலில் ஒன்று நின்றுபோயிருந்தது.

திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை உண்டு. திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தார், மாணவர்கள் என யார் வேண்டுமானாலும் வரலாம். மூடியது, குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று பயந்த இவர் மூடிய கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கே யாராவது தெரிந்தவர் இருந்தாலும், அவரும் இதே காரணத்துக்காகத்தானே வந்திருப்பார்!

நேரம் விஷயத்தில் ஒன்றை வலியுறுத்தினேன். அவருக்கு ஞாயிறு காலைதான் வசதி. ஆனால் அவர் குடிக்கும் நேரம் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவே. ஒரு கூட்டமாவது அந்த நேரத்தில், அந்த வழியில் இருக்க வேண்டும் என்றேன். கிடங்கிலிருந்து வீட்டுக்குப் போகும் பஸ் தடத்திலேயே ஒன்று கிடைத்தது.

பணம், கடவுள் பற்றிய கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொன்னேன். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் குடிக்காமல் இருக்க ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்ததில் தொடங்கிய அமைப்பு இது. உறுப்பினராகத் தேவையான ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது, கூட்டத்தில் உண்டியல் சுற்றி வரும், விருப்பம் இருந்தால் போடலாம். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரத்தான் செய்கிறது. ‘நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில்’ என்ற அடைமொழியும் கூடவே வருகிறது. நம்பிக்கை இல்லாத பலர் அந்தக் குழுவையே தங்களை விடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் ஒத்துவராவிட்டால், 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி போல எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முறைகளை வைத்து, மதச் சார்பில்லாமல் நடக்கும் குழுக்களும் உண்டு, இணையவழியிலும் சேரலாம். எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்தேன். “மொதல்ல நேர்ல ஆளுங்களப் பாக்கணும் சார்” என்றார்.

அறைக்குள்ளிருந்தே ஒரு போன்

அடுத்து செய்ததுதான் இந்தச் சிகிச்சையில் திருப்புமுனை என்று நினைக்கிறேன். அவர் என் அறையில் இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடு, அந்தக் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவரை அழைத்து, போனை அவரிடம் கொடுத்தேன். எதிர்முனையில் பேசியவர் எந்த அறிவுரையும் சொல்லவில்லை.

“தம்பி, நான் ஏழாவது வருஷமா குடிக்காம இருக்கேன். நாளைக்கு ஆறே முக்காலுக்கு வாசல்ல நிப்பேன், நீலச் சட்டை. நீங்க எதுவும் பேச வேண்டாம், பக்கத்துல உக்காந்தா போதும். வர வழியில மனசு மாறினா எனக்கு ஒரு போன் பண்ணுங்க, பேசிக்கிட்டே வருவோம்.”

இவர் இரண்டு முறை “சரிங்கண்ணே” என்றார். போனை வைத்துவிட்டு, அந்த எண்ணைத் தன் கையாலேயே சேமித்துக்கொண்டார்.

இந்த முறை எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1981-இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில் 20 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் குழுவைப் பற்றிய தகவலும் போய்வருமாறு அறிவுரையும் மட்டும். இன்னொரு பிரிவுக்கு ஆலோசகர் அங்கேயே குழு உறுப்பினரை அழைத்துப் பேசவைத்தார். அந்த உறுப்பினர் கூட வந்து கூட்டிப்போகத் தயாராக இருந்தார். இரண்டாம் பிரிவில் அத்தனை பேரும் கூட்டத்துக்குப் போனார்கள். முதல் பிரிவில் ஒருவர்கூடப் போகவில்லை. இருபது பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் நிறைய இடங்களில் இன்னமும் சீட்டு மட்டுமே கொடுத்தனுப்புகிறோம் என்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. ஒரு போன் பேச ஐந்து நிமிடம் போதும்.

முதல் சில கூட்டங்கள்

அவர் சொன்னதை வைத்து எழுதுகிறேன். ஒரு பொதுக்கூடத்தின் பின்னறை. வட்டமாகப் போட்ட நாற்காலிகள், சுவரில் படிகள் எழுதிய பதாகை, மேசையில் துண்டு வெளியீடுகள். ஒருவர் தலைமை தாங்கி முகவுரையை வாசித்தார். பிறகு ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று சொல்லிவிட்டுத் தன் கதையைப் பேசினார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை, யாரும் பதில் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு வியப்பு. “வீட்ல நான் வாயத் திறந்தா உடனே பதில் வரும் சார். அங்க ஒருத்தர் அழுதார். அப்பவும் எல்லாரும் கேட்டுக்கிட்டு மட்டும் இருந்தாங்க.” தன் முறை வந்தபோது, நாங்கள் முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்த வாக்கியத்தைச் சொன்னார்: “எனக்கு இது முதல் நாள், இன்னைக்குக் கேட்டுக்கறேன்.” அத்தோடு அடுத்தவருக்குப் போய்விட்டது.

இரண்டாவது முறையாகப் போன இடம் வேறு குழு. அது சரிப்படவில்லை. பழையவர்கள் மூன்று நான்கு பேரே பெரும்பாலான நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். புதியவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கே மட்டும் முதலில் போயிருந்தால், இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டியிருப்பார். ஒவ்வொரு குழுவும் தன்னாட்சி உடையது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் உண்டு. ஐந்தாறு கூட்டங்கள், முடிந்தால் வெவ்வேறு குழுக்கள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கடைசியில் அவர் நிலைத்தது முதல் குழுவில். நீலச் சட்டைக்காரரே பிறகு அவருடைய ஸ்பான்சர், அதாவது கூடவே இருந்து வழிகாட்டும் மூத்த உறுப்பினர், ஆனார். இடையே ஸ்மார்ட் ரிக்கவரியின் இணையவழிக் கூட்டத்திலும் கலந்துகொண்டார். குடிப்பதால் வரும் லாப நஷ்டத்தைத் தாளில் எழுதிப் பார்க்கும் பயிற்சி அவருக்குப் பிடித்திருந்தது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டார். இதில் முரண் எதுவும் இல்லை.

ஆறு மாத்திரை

மூன்றாம் மாதம் மருந்தை நிறுத்திவிட்டு வந்தார். குழுவில் ஒருவர், “மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கற வரைக்கும் அது நிஜமான தெளிவு கிடையாது” என்று சொல்லியிருக்கிறார். இப்படிப் பேசுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு, அநேகமாக நல்லெண்ணத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் இது ஆபத்தான பேச்சு. உறுப்பினர் யாரும் இன்னொருவருக்கு மருத்துவம் பார்க்கக் கூடாது என்பதை ஏ.ஏ. தன் சொந்த வெளியீட்டிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மன அழுத்தத்துக்கோ மனச்சிதைவுக்கோ மருந்து எடுப்பவர் ஒருவர் இந்தப் பேச்சைக் கேட்டு நிறுத்தினால், உயிரே போகலாம். அவர் ஸ்பான்சரோடு இதைப் பேசினோம். “மருந்து டாக்டர் பாடு, கூட்டம் நம்ம பாடு” என்று அவரே முடித்துவைத்தார். மாத்திரை மறுபடி தொடர்ந்தது.

சறுக்கல்

ஐந்தாம் மாதத்தில் கிடங்கில் அவரை இரவு ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். மூன்று வாரம் கூட்டத்துக்குப் போக முடியவில்லை. தூக்கமும் கெட்டது. பழைய நண்பர் ஒருவரோடு ஒரு கிளாஸ் என்று ஆரம்பித்து இரண்டு நாள் குடித்தார். ஸ்பான்சரின் அழைப்புகளை எடுக்கவில்லை.

இந்த நேரத்தில் மனம் சொல்லும் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்: எப்படியும் கெட்டுப்போச்சு, இனி எதுக்கு நிறுத்தணும். ஒரு நாள் சறுக்கலை மாதக்கணக்கான வீழ்ச்சியாக்குவது அந்த எண்ணம். ஸ்பான்சர் அனுப்பிய செய்தி மிகச் சின்னது: “நாளைக்கும் அதே நேரம், அதே வாசல்.” மூன்றாம் நாள் இவர் போனார். விலகல் அறிகுறி இருக்கிறதா என்று அதற்கு முன்பே எங்களிடம் வந்து பரிசோதித்துக்கொண்டார், அது மிகவும் சரியான செயல். கூட்டத்தில் தான் குடித்ததைச் சொன்னபோது யாரும் திட்டவில்லை. தனக்கும் இப்படி நடந்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள். குடிக்காத நாட்களின் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது அவருக்கு வலித்தது. ஐந்து மாதத்தில் கற்றது அந்தக் கணக்கோடு அழியவில்லை என்பதை உணர அவருக்குச் சில வாரங்கள் ஆயின. அதன்பின் இரவு ஷிஃப்ட் வாரங்களுக்காகப் பகல் நேர இணையவழிக் கூட்டம் ஒன்றைத் தேடிப் பிடித்தோம்.

மனைவி

குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. கணவர் நிறுத்திய பிறகும் அவர் மனைவி தினமும் அவர் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், பைகளைத் துழாவினார். “அவர் மாறிட்டார்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மட்டும் ஏங்க இன்னும் படபடப்பு நிக்கல?” என்று கேட்டார். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென 1951 முதல் தனியாக இயங்கும் அல்-அனான் கூட்டத்துக்கு அவரையும் இதே மாதிரி போன் மூலம் அறிமுகப்படுத்தினேன். கணவரைக் காவல் காப்பதை அவர் ஒரே நாளில் விட்டுவிடவில்லை. ஆனால் மாதக்கணக்கில் இல்லாத தூக்கம் திரும்பியது. அவருக்கென்று இரண்டு தோழிகள் கிடைத்தார்கள்.

ஏன் பலித்தது

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை உள்ளடக்கியது. முறையாக வகுக்கப்பட்ட பன்னிரண்டு படி சிகிச்சை மூலம் ஏ.ஏ.வுக்கு அனுப்பப்பட்டவர்கள், 12 மாதம் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளை எடுத்தவர்களை விட முன்னே இருந்தார்கள். அந்தச் சிகிச்சையின் சாரமே, குழுவோடு ஆளைச் சேர்த்துவைப்பதுதான். 1990-களில் 1,726 பேரைக் கொண்டு, குடிக்கான வெவ்வேறு சிகிச்சைகளை ஒப்பிட்டு நடந்த புராஜெக்ட் மேட்ச் ஆய்வில், சுற்றியிருப்பவர்கள் குடிக்கத் தூண்டுகிறவர்களாக இருந்தவர்களுக்கு மூன்றாண்டு கழித்துப் பார்க்கும்போது பன்னிரண்டு படி வழியே கூடுதல் பலன் தந்திருந்தது. இவருக்கு அது அப்படியே பொருந்துகிறது. சிகிச்சைக்கு முன் இவர் போனில் இருந்த நண்பர்களில் குடிக்காதவர் ஒருவரும் இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு அழைத்துப் பேச இன்று அவருக்கு ஆள் இருக்கிறது.

எல்லோரையும் நேராகக் குழுவுக்கு அனுப்பிவிட முடியாது. கடும் விலகல் அறிகுறியோடு இருப்பவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், மனப்பிறழ்வு தணியாதவர் ஆகியோருக்கு முதலில் மருத்துவம். பெண்களுக்கு இன்னொரு தடையும் உண்டு: ஆண்கள் நிறைந்த அறை. அங்கே தங்களுக்கு நேர்ந்த கொடுமைகளைப் பேச முடியாது. சில நேரம் வேண்டாத நெருக்கத்தையும் சந்திக்க நேர்கிறது. பெண்களுக்கு மட்டுமான கூட்டத்தை, நேரிலோ இணையத்திலோ, அவர்கள் கேட்பதற்கு முன்பே நாம் தேடி வைத்திருக்க வேண்டும்.

இப்போதைய நிலை

சறுக்கலுக்குப் பின் ஓராண்டைத் தாண்டியிருக்கிறார். ஈரல் நொதிகள் இயல்பு நிலைக்கு வந்துவிட்டன. அகாம்ப்ரோசேட்டை மருத்துவர் ஆலோசனையோடு நிறுத்தியாகிவிட்டது. வாரம் இரண்டு கூட்டம். படிகளில் நான்காவதை, அதாவது தன்னையே அஞ்சாமல் எடைபோட்டு எழுதும் படியை, எழுதிக்கொண்டிருக்கிறார். அது அவருக்குக் கடினமாக இருக்கிறது. மூத்த மகன் இன்னும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை. அவனுக்கு 16 வயது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கென அலட்டீன் என்ற குழு இருப்பதைச் சொன்னேன், அவன் வேண்டாம் என்றான். கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த சந்திப்பில் அம்மா இல்லாமல் தனியாக வந்து பேச ஒப்புக்கொண்டிருக்கிறான்.